ஆமிச் சுவிட்ச்

அலோசியஸுக்கு மூளை பிசகிவிட்டதாம் என்ற கதையை எங்களிடம் கொண்டுவந்தவன் றயன். மெல்பேர்னில் ஒரு ஞானஸ்நான விருந்து. இடியப்பப் புரியாணித் தட்டைக் கையில் ஏந்தியபடி, மட்டக்களப்பில் இருக்கும் தன் அத்தான் தொலைபேசியில் சொன்னதை அவன் மேசைக்கே கேட்கும்படி சொன்னான். அத்தானுக்கு அதை ஏறாவூரில் யாரோ சொன்னார்களாம்.

"ஆமிக்கார அலோசியஸ் இரிக்காரெல்லா, தான் திருத்திக் குடுத்த எஞ்சினையெல்லாம் தானே தேடிப் போய்க் கெடுக்கிறாராம். ஐஸ் பெக்டரி, நெல்லு மில், கலியாண மண்டபம் ஒண்டையும் விடுறல்லயாம். பெட்டியைத் திறந்து எதையோ வெட்டி எடுத்துப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு போறாராம்."

"என்னத்தையாம் வெட்டுற?"

"ஆருக்குத் தெரியும். பழைய இரும்புக்காரனுக்கு விக்கிறாரோ என்னவோ. எங்கட மண்டபத்து எஞ்சினையும் அவர்தான் பாத்தவர். நல்ல காலம், அதை நான் முந்தியே வித்துட்டன்."

மேசை சிரித்தது. யாரோ வட்டிலப்பம் கேட்டார்கள். பேச்சு வீட்டு வாடகைக்குத் தாவியது.

ஊரிலிருந்து வரும் கெட்ட செய்தியை அப்படிப் பாதியில் விட்டுவிட எனக்கு வராது. மழை என்றால் வாவி எவ்வளவு ஏறியது என்று பார்ப்பேன். யாராவது இரண்டு நாள் பதில் போடாவிட்டால் மூன்றாவது ஆளைக் கேட்பேன். அன்று வீட்டுக்கு வந்ததும் கிளாறிஸ் அக்காவுக்கு அழைத்தேன். அலோசியஸின் மனைவி. சின்ன உப்போடையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு அவர்களுடையது. அங்கே அப்போது பின்னேரம்.

"மூளை நல்லாத்தான் இரிக்கு, புள்ள" என்றார் அக்கா. "சோறுதான் இறங்குறல்ல. விடிஞ்சா மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருவார். மறுகா பொழுதுபட்டுத்தான் வாற. உடுப்புத் தோய்க்க எடுத்தா காற்சட்டைப் பொக்கற்றெல்லாம் சிவப்பு மூடி."

"என்ன சிவப்பு மூடி?"

"அவர் வைச்ச ஆமிச் சுவிட்ச்தான். வைச்சதையெல்லாம் கழட்டித் திரியிறார்."

குழாயடியில் வாளி நிரம்பி வழியும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அலோசியஸின் அப்பா தையல் மெஷின் திருத்துகிறவர். சித்தப்பா ஒருவர் தச்சர், மற்றவர் வேட்டைத் துவக்குத் திருத்துகிறவர். எங்கள் தெருவில் இருந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை, மற்ற நாளெல்லாம் நகத்துக்குள் எண்ணெய். இளைய மகனான அலோசியஸுக்கு எஞ்சின் படிக்க ஆசை. தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இராணுவத்தில் எஞ்சின் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு பேப்பர் விளம்பரத்தில் பார்த்து, கொழும்பில் கம்பனி வேலை என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு ரயில் ஏறினார். சண்டை அப்போது அவ்வளவு பெரிதாகியிருக்கவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து ஆமிக்குப் போவது அபூர்வம். போனவர்கள் வாய் திறப்பதும் இல்லை.

அங்கே ஜெனரேட்டர் வேலையை முறையாகப் படித்தார். தமிழும் கொஞ்சம் போர்த்துக்கேயமும் பேசி வளர்ந்தவர், சிங்களத்தில் எஞ்சினைக் கற்றார். இன்றும் கையில் அடிபட்டால் அவருக்குச் சிங்களத்தில்தான் ஏச்சு வரும்.

டீசல் எஞ்சினில் ஒரு காவல் இருக்கிறது. ஒயில் வற்றினாலோ தண்ணீர் கொதித்தாலோ அது டீசலை அடைத்து எஞ்சினைத் தானாக நிறுத்திவிடும். எஞ்சின் தப்பும், வெளிச்சம் போகும். போர்முனையில் சில இடங்களில் வெளிச்சம் போகக் கூடாது. அதனால் ஆமி ஜெனரேட்டரில் சிவப்பு மூடி போட்ட ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். மூடியைத் திறந்து அதைத் தட்டினால் காவலின் கண் கட்டப்பட்டுவிடும். எஞ்சின் உடைந்து போகும்வரை ஓடும். அதற்கு விதிகள் உண்டு. அதிகாரி சொல்லாமல் தட்டக் கூடாது. தட்டியவன் எஞ்சினை விட்டு அசையக் கூடாது. வேலை முடிந்த உடனே மூடியை மூடிக் கம்பி கட்டி முத்திரை வைக்க வேண்டும்.

வடக்கில் ஒரு முகாமில், வைத்தியக் கூடாரத்தின் எஞ்சினுக்கு அவர் பொறுப்பாக இருந்தார். ஒரு நடுப்பகலில் குருநாகல் பக்கத்துச் சிப்பாய் ஒருவனைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தியிருந்தார்கள். இரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் பம்ப் அலோசியஸின் எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் எங்கோ ஒழுக்கு. தண்ணீர் கொதித்தது. காவல் தன் வேலையைச் செய்து எஞ்சினை நிறுத்தியது. அலோசியஸ் சுவிட்சில் கை வைத்தார். பிறகு விதி நினைவுக்கு வந்து, அதிகாரியைக் கேட்க ஓடினார். அதிகாரி பதுங்குகுழியில் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார். அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது டொக்டர் வெளியே வந்து கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்காமத் தட்டியிரிக்கலாம்" என்று அலோசியஸ் எனக்குச் சொன்னார். அதைச் சொன்ன இடத்தைப் பிறகு சொல்கிறேன். "அண்டையில இருந்து நான் ஆரையும் கேக்கல்ல, புள்ள. அதுதான் நான் அங்க படிச்ச பாடம். பிழையான பாடம்."

தவணை முடிந்து அவர் ஊருக்கு வந்தபோது கொழும்புக் கம்பனி மூடிவிட்டது என்று சொன்னார். கிளாறிஸ் அக்காவைக் கட்டினார். வளவுக்குள் தகரம் இறக்கி எஞ்சின் திருத்தினார். ஸ்பானர்களை ஒரு வெள்ளைத் துணியில் உயர வரிசைப்படி அடுக்குவதும், வேலைக்குப் போகும்போது சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவதும் யாருக்கும் சந்தேகம் தரவில்லை. ஒரு நாள் காத்தான்குடியிலிருந்து வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஏறிய சிப்பாய் இவரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக "அலோசியஸ் அய்யே!" என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினான். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் ஆமிக்கார அலோசியஸ். கிளாறிஸ் அக்கா சாமான்களை உரப்பையில் கட்டிக் கதவுக்குப் பின்னால் பல நாள் வைத்திருந்தார். இயக்கத்திலிருந்து யாரும் வந்து அவரைக் கூட்டிப்போகவில்லை. வந்தவர்களெல்லாம் எஞ்சின் திருத்தவே வந்தார்கள்.

சண்டை முடிந்த பிறகு அந்தப் பட்டமே அவருக்கு விளம்பரமாகிவிட்டது. "ஆமியில படிச்ச பாஸ்" என்று தேடி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரரை 'பாஸ்' என்போம். வாவியைச் சுற்றி ஐஸ் தொழிற்சாலையும் இறால் பண்ணையும் நெல் ஆலையும் முளைத்த காலம். மின்சாரம் நினைத்தபோது வந்தது, நினைத்தபோது போனது. ஓட்டமாவடியில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்த ஹலீம் ஹாஜியாரின் எஞ்சின் அடிக்கடி நின்றது. அலோசியஸ் பார்த்தார்.

"எஞ்சினில பிழை இல்ல, ஹாஜியார். சூடு ஏறினா காவல் நிப்பாட்டுது."

"எனக்கு மீன்காரன் லொறியோட வந்து நிக்கான், பாஸ். ஐஸ் உருகுது. அந்தக் காவலுக்கு ஒரு லீவு குடுங்களன்."

அலோசியஸ் லீவு கொடுத்தார். பழைய ட்ரக்டர் லைட் சுவிட்ச் ஒன்று, இரண்டு முழ வயர், சிவப்புப் பெயின்ற் அடித்த மருந்துப் போத்தல் மூடி. தட்டினால் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஹலீமுக்குச் சொன்னார். அடுத்தடுத்த இடங்களிலும் சொன்னார். ஒருவரும் மூடியைத் திரும்ப மூடவில்லை. தட்டியது தட்டியபடியே கிடந்தது. ஒன்றும் நடக்கவுமில்லை, ஏனென்றால் அவர் ஒழுங்காக வந்து ஒயில் மாற்றிப் பெல்ட் இறுக்கிப் பார்த்துக்கொண்டார். நாளடைவில் சொல்வதையும் விட்டுவிட்டார். "அலோசியஸ் தொட்ட எஞ்சின் நிக்காது" என்று கிரானிலிருந்து களுவாஞ்சிகுடி வரை சொன்னார்கள். அதைக் கேட்க அவருக்குப் பிடித்திருந்தது. அதை அவரே என்னிடம் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு.

போன வருடத்துக்கு முந்திய மாரி. காற்றும் மழையுமாக மின்கம்பங்கள் சரிந்து, ஓட்டமாவடிப் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. ஹலீமின் எஞ்சின் ஓய்வில்லாமல் ஓடியது. வழி வெள்ளத்தில் இருந்ததால் அலோசியஸால் போய்ப் பார்க்க முடியவில்லை. ஒயில் பில்டரின் அடியில் மெதுவாகக் கசிந்தது. காவல் கண்கட்டிக் கிடந்தது. எஞ்சினைப் பார்த்துக்கொள்பவன் உதயரூபன், கிரான்காரன். மாரி நெல் விதைத்துவிட்டு, அறுவடைவரை ஐஸ் வேலைக்கு வருகிறவன். ஒயிலுக்கான சிவப்பு வெளிச்சம் எரிவதைக் கண்டான். முன்பும் எரிந்திருக்கிறது, ஒன்றும் நடந்ததில்லை. ஒயில் கானைத் தூக்கிக்கொண்டு, ஓடும் எஞ்சினுக்கே ஊற்றிவிடலாம் என்று பக்கத்தில் போனான். எஞ்சினுக்குள் ஒரு தண்டு முறிந்து, வார்ப்பிரும்புச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அவன் முழங்காலில் அடித்தது.

காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அலோசியஸ் ஆஸ்பத்திரிக்குப் பலமுறை போனார். வாசல்வரை போய்த் திரும்பிய நாட்களும் உண்டாம். உதயரூபன் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு நாள் கிரானுக்குப் போனார். கிளாறிஸ் அக்காவும் கூடப் போனதால் அங்கே நடந்தது எனக்கு இரண்டு வாயாலும் தெரியும்.

உதயரூபன் வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தான். எழும்பப் பார்த்தான்.

"இரு மனே, இரு."

"வாங்க பாஸ். அக்கா, உள்ளுக்க வாங்க. மழை விட்டுட்டா டவுனில?"

கொஞ்ச நேரம் மழையைப் பற்றியே பேசினார்கள். உள்ளேயிருந்து அவன் மனைவி, முகம் காட்டாமல், "இந்தமுறை வயல் வட்டைக்குள்ள ஆர் இறங்குற எண்டு கேளுங்க. நெல்லு வெட்டுக்கு ஆள் பிடிக்கவும் ஏலா எங்களால" என்றாள். வரப்பு வழியே நடக்கத் தெரிந்த காலுக்கு இருந்த மதிப்பு கிரானில் யாருக்கும் விளங்கும்.

"சும்மா இருகா" என்றான் உதயரூபன். பிறகு அலோசியஸைப் பார்த்து, "ஹாஜியார் புது எஞ்சின் போட்டுட்டாராம்?" என்று கேட்டான்.

"ஓம், போட்டுட்டார்."

"அதுக்கும் சுவிட்ச் வைச்சிரிக்கா?"

"இல்ல மனே."

"அப்ப மத்த இடங்களில?"

அலோசியஸ் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார்.

"எங்கெங்க இரிக்கு, பாஸ்? நீங்க வைச்சதெல்லாம்?"

அவன் குறையாகக் கேட்கவில்லை என்று அக்கா சொன்னார். வயலில் எந்தப் பக்கம் தண்ணீர் உடைத்தது என்று விசாரிப்பவன் மாதிரிக் கேட்டானாம். அலோசியஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அடுத்த நாளே வயர் வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வைத்த இடங்களை அவர் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எஞ்சினை நினைத்தால் இடம் வரும் அவருக்கு. ஏறாவூரில் புகை கக்கும் பழைய மஞ்சள் எஞ்சின். வாகரைப் பக்கம் ஆடு கட்டும் கொட்டிலுக்குள் இருக்கும் இறால் பண்ணை எஞ்சின். அப்படி நினைத்து நினைத்துப் போனார்.

அவர் நினைத்ததைவிட அது கடினமாக இருந்தது. கால் போன கதையைச் சொன்னால், "அது ஹலீமுட எஞ்சின் பழசு, பாஸ்" என்றார்கள். "நிக்காத எஞ்சின் எண்டுதானே உங்களைக் கூப்பிட்ட நாங்க" என்றார்கள். ஏறாவூரில் ஒரு ஆலையில் அவர் சுவிட்சைக் கழற்றிய மறுநாளே எஞ்சின் சூடேறி நின்றது. பெல்ட் தளர்ந்திருந்தது, நின்றதால்தான் எஞ்சின் பிழைத்தது. ஆலைக்காரர் அதை அப்படிப் பார்க்கவில்லை. மெல்பேர்னுக்கு வந்த கதை அங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன். உரிமையாளர் இல்லாத நேரம் பார்த்துப் போய் வெட்டியதும் உண்டு என்று அலோசியஸே ஒப்புக்கொண்டார். அதனால் கள்ளன் என்ற பெயரும் வந்தது.

போன ஆடி அமாவாசைக்கு நான் ஊரில் நின்றேன். மாமாங்கக் கோயில் திருவிழா. அமிர்தகழி வீதியில் சனம் நெரிந்தது. கச்சான் கடலைக் கடை வரிசைக்குப் பின்னால், ஒரு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அலோசியஸ் உட்கார்ந்திருந்தார். பொலிஷ் போட்ட சப்பாத்து புழுதியில் வெளுத்திருந்தது. நன்றாக மெலிந்திருந்தார். எஞ்சின், லைட்டும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் அழகரத்தினத்துடையது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாருங்க தங்கச்சி, இந்த மனிசனை" என்று என்னைக் கண்டதும் சொன்னார். "தீர்த்தமும் அதுவுமா வந்து எஞ்சின் வயரை வெட்டப் போறாராம். சாமி வெளிய வாற நேரம் லைட்டும் ஸ்பீக்கரும் செத்தா சனம் ஆரைப் பிடிக்கும்? என்னையா, இவரையா?"

"செத்தாச் சாகட்டும், அழகரத்தினம். லைட்தானே."

"லைட்தானேயா? இதை நீங்க சொல்றீங்களா பாஸ்? எஞ்சின் செத்தாலும் லைட் சாகப்படாது எண்டு எனக்கு இந்த இடத்தில வைச்சுச் சொன்னது ஆரு? உங்கட பேயா?"

பக்கத்துக் கச்சான்காரி சிரித்தாள். அலோசியஸ் சிரிக்கவில்லை. எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வைத்தியர் நெற்றி தொட்டுப் பார்ப்பது போல.

"சரி. வெட்டல்ல. திருவிழா முடியுமட்டும் நான் இதில இரிக்கன்."

"இருந்து?"

"பாத்துக்கொண்டிருக்கிறன். சுவிட்ச் போட்டா ஆள் பக்கத்தில நிக்கோணும். அதுதான் சட்டம்."

அழகரத்தினம் என்னைப் பார்த்துத் தலையில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனார். ஆனால் போய்க் குளிரான நெக்டோச் சோடா ஒன்று வாங்கி அனுப்பினார். தீர்த்தம் முடிந்து சாமி உள்ளே போகும்வரை ஞாயிறு பூசைக்குப் போகும் அந்த வேதக்கார மனிதர் அந்தப் பெட்டியை விட்டு எழவில்லை. ஒயில் பார்த்தார், தண்ணீர் பார்த்தார், பெல்ட்டைக் காதால் கேட்டார். அந்தச் சத்தத்துக்குள் கத்திக் கத்தித்தான் வைத்தியக் கூடாரத்துக் கதையை எனக்குச் சொன்னார். சனம் கலைந்த பிறகு குறட்டை எடுத்து இரண்டு வயரையும் வெட்டி ஒட்டினார். சிவப்பு மூடியைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டார்.

"இனி எத்தினை, அண்ணன்?"

"ஒண்டுதான்."

அந்த ஒன்று றயனின் மண்டபத்து எஞ்சின்.

றயனின் தகப்பன் டவுனில் ஒரு சிறிய கலியாண மண்டபம் நடத்தியவர். அவர் காலமான பிறகு றயன் வந்து கட்டடத்தை ஒருவருக்கும் எஞ்சினை வேறொருவருக்கும் விற்றுவிட்டுத் திரும்பிவிட்டான். எஞ்சினை ஏற்றிப் போன லொறிக்காரர் காத்தான்குடி பக்கீர். அலோசியஸ் அவரிடம் போனார்.

"ஏத்தினது நான்தான்" என்றார் பக்கீர். "வெல்லாவெளிச் சந்தியில இறக்கினன். அங்க ட்ரக்டர் பெட்டியோட ரெண்டு பேர் நிண்டாங்க. மாத்தி ஏத்திக்கொண்டு உள்ளுக்க போயிட்டாங்க. என்னமோ பள்ளிக்கூட விடுதிக்கு எண்டு கதைச்ச மாதிரி இருந்திச்சு. பேரெல்லாம் எனக்குத் தெரியா பாஸ். விலை பேசினது றயன் தம்பியோட."

வெல்லாவெளிக்கு உள்ளே வயலும் குளமும் ஊர்களுமாக எவ்வளவோ தூரம் போகிறது. அலோசியஸ் வாரக்கணக்கில் அந்தப் பக்கம் திரிந்தார். ஆலைகளில் கேட்டார், பள்ளிக்கூடங்களில் கேட்டார். ஆமிக்காரன் ஒருவன் ஏன் எங்கள் எஞ்சினைத் தேடுகிறான் என்று சிலர் கதவடைத்தார்கள். புரட்டாசியில் காய்ச்சல் வந்து படுத்தார். எழும்பியவுடன் எனக்குத்தான் அழைத்தார்.

"நீ அவனோட ஒருக்காக் கதை புள்ள. ஒரே ஊர்தானே நீங்க. வாங்கினவன்ட பேர் மட்டும் போதும்."

கதைத்தேன். றயன் முதலில் சிரித்தான். பிறகு குரல் மாறியது.

"அந்தாள் போய் எஞ்சினைக் கெடுத்துப்போட்டு வந்தா, வாங்கின ஆக்கள் என்னைத்தானே கிழிப்பாங்க? நல்ல எஞ்சின், நிக்கவே நிக்காது எண்டு சொல்லித்தானே நான் வித்த?"

"அவர் கெடுக்கல்ல றயன். கழட்டுறார்." உதயரூபனின் காலைப் பற்றிச் சொன்னேன். எஞ்சின் விடுதியில் இருக்கலாம் என்றும் சொன்னேன்.

"பாத்துச் சொல்றன்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. செய்தி அனுப்பினால் பார்த்ததாக நீல அடையாளம் விழும், பதில் விழாது. தேவாலயத்தில் கண்டபோது பிள்ளையைக் காருக்குள் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஊரில் விற்ற பொருள் ஒன்று கடல் தாண்டி வந்து தன் கதவைத் தட்டுவது அவனுக்குப் பயம். அந்தப் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது மார்கழி. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று மூன்று நாளாக வானிலைப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று சாப்பாடு முடிந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது அலோசியஸ் அண்ணனின் அழைப்பு வந்தது. தகரத்தில் மழை விழும் சத்தத்துக்குள் அவர் குரல் மெல்லியதாகக் கேட்டது.

"கரண்ட் போயிட்டு புள்ள, இஞ்ச. விடியப்புறம் போனது. வெல்லாவெளிப் பக்கம் நேத்தே இல்லையாம்."

நேற்றே இல்லையென்றால், அந்த எஞ்சின் நேற்றிலிருந்து ஓடுகிறது.

"அவன் எடுத்தானா?"

"இல்ல அண்ணன்."

"இன்னொருக்கா எடுத்துப் பார். நான் இதை வைக்கல்ல. நீ மத்த போனில எடு."

"பேர் கிடைச்சாலும் இந்த மழைக்குள்ள எப்பிடிப் போவீங்க? பாதையெல்லாம் தண்ணி."

"போக ஏலாட்டி அவங்களோட கதைக்கலாம்தானே. மூடியை மூடச் சொல்லுவன். ஏலாட்டி எஞ்சினை நிப்பாட்டிட்டு இருட்டுக்குள்ள இரிங்க எண்டு சொல்லுவன். வேறென்ன சொல்லுற."

பின்னால் கிளாறிஸ் அக்கா, "மழைச்சட்டையைப் போடுங்க, போறதெண்டா" என்று சொல்வது கேட்டது. சப்பாத்து நிலத்தில் உரசியது. அவர் ஏற்கெனவே சப்பாத்துப் போட்டிருந்தார்.

என் கணவரின் போனை எடுத்தேன். அந்த இலக்கம் றயனுக்குத் தெரியாது. அதையாவது எடுப்பான் என்று நினைத்தேன். எண்களை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றிலிருந்து மழை கேட்டது. மற்றதிலிருந்து மணி கேட்டது.

"அடிக்குதா?"

"அடிக்குது, அண்ணன்."

"கேக்குது" என்றார் அவர். மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் ஒருமுறை வந்து அடங்கியது. "விடாதே. அடிக்கட்டும்."

மணி அடித்துக்கொண்டிருந்தது.